திருவாதிரையின் அகம்: முதுமீன்களின் அலைவை ஆராய்ந்த வரலாறு

மார்கழித் திங்களின் வைகறையில், கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலிலே திருவெம்பாவைப் பூசை நிகழும் வேளையில், அப்பூசை நாட்களின் முடிவுக்குரிய விண்மீன் மேற்கே கடலை நோக்கிச் சாய்ந்துகொண்டிருக்கும். வெள்ளவத்தைக் கரையில் அந்நேரத்தில் நிற்பவர், முகில் இல்லையாயின், அதனை நீர்ப்பரப்பின் மேலே செந்நிறப் புள்ளியாகக் காணலாம். அதற்குச் சில மணித்தியாலங்களின் முன், நள்ளிரவை அண்டி, அது நகரின் நேர் உச்சியில் நின்றிருக்கும். கொழும்பின் அகலக்கோடு வடக்கே 6.9 பாகை, வான நடுவரையிலிருந்து அவ்விண்மீனின் விலக்கம் வடக்கே 7.4 பாகை. இரண்டிற்கும் இடைப்பட்ட வேற்றுமை முழுநிலவின் அகலத்தளவே. திருவாதிரையைத் தலைக்கு மேலே காணும் பேறு பெற்ற நகரங்களுள் கொழும்பும் ஒன்று என்பது இந்நகரத்தார் பலர் கருதிப் பாராத செய்தி.

சிவபெருமானை ஆதிரையான் எனப் பெயரிட்டு வழங்கிய தமிழர் அம்மீனின் செம்மையை நன்கறிந்திருந்தனர். மேனாட்டார் அதனைப் பீற்றல்ஜூஸ் என்பர். அச்செம்மை முதுமையின் அடையாளம் என்பது இருபதாம் நூற்றாண்டினர் கண்ட உண்மை. தன் நடுவிலிருந்த ஐதரசனை எரித்துத் தீர்த்த விண்மீன், நடுப்பகுதி சுருங்கவும் புறப்பகுதி விரியவும் பெற்று, பெருத்துக் குளிர்ந்து சிவக்கும். சூரியன் இருக்கும் இடத்தில் திருவாதிரையை வைத்துப் பார்ப்பின், புதன், வெள்ளி, புவி, செவ்வாய் ஆகிய நான்கின் பாதைகளும் அதன் உடலுக்குள் அடங்கிவிடும். இத்துணைப் பெரிய உடலின் உள்ளே நிகழ்வதை எவ்வாறு அறிவது? வெளியே வரும் ஒளியனைத்தும் மேற்றோலிலிருந்து வருவதன்றோ? ஆதர் எடிங்டன் 1926இல் வெளியிட்ட விண்மீன்களின் உள்ளமைப்புப் பற்றிய நூலை, வானத்தில் மனிதனுக்கு இதனினும் எட்டாத இடம் உண்டோ என்னும் ஐயத்துடனேயே தொடங்கினார்.

அவ்வையத்துக்கு விடை அவர் கையிலேயே ஒருபாதி இருந்தது. குயவனிடம் பானை வாங்கும் பெண் அதனை உடைத்துப் பார்ப்பதில்லை. விரலால் தட்டிப் பார்க்கிறாள். ஓசை கணீரென்றால் வேகல் நன்று. மழுங்கினால் உள்ளே கீறல் உண்டு. தேங்காயைத் தட்டி நீரின் அளவை அறிவதும் அவ்வழியே. விண்மீனைத் தட்ட ஒருவரும் இல்லை. ஆயினும் சில விண்மீன்கள் தாமே அதிர்கின்றன. அவ்வதிர்வு ஒளியின் ஏற்ற இறக்கமாக நம்மை வந்தடைகிறது.

ஒளி ஏறியிறங்கும் மீன்கள் உள என்பது பழைய செய்தி. டேவிட் பபிரிசியஸ் என்னும் பாதிரியார் 1596இல் சீற்றஸ் மண்டலத்து மீன் ஒன்று பொலிந்து பின் மறையக் கண்டார். அதுவே பின்னர் மீரா, அதாவது வியப்புக்குரியது, எனப் பெயர் பெற்றது. திருவாதிரையின் ஒளி நிலையற்றது என்பதை யோன் ஹேர்செல் 1836இல் கண்டார். இவற்றின் வரிசையிலே சென்னை நுங்கம்பாக்கத்தில் நிகழ்ந்த ஒரு கண்டுபிடிப்பும் இடம்பெறுகிறது. அதனை இங்குச் சற்று விரித்துரைத்தல் தகும். வரலாற்று நூல்கள் அதற்கு ஓரிரு வரிகளே ஒதுக்குகின்றன.

நுங்கம்பாக்கத்து வானாராய்ச்சி நிலையம் கிழக்கிந்தியக் கம்பனியார் 1792இல் கட்டியது. 1861 முதல் அதன் தலைவராய் இருந்தவர் நோர்மன் பொக்சன். அவருக்கு முதல் உதவியாளராய்ப் பணிபுரிந்தவர் சிந்தாமணி இரகுநாதாசாரியார். பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்திற் பிறந்து, இளமையிலேயே அந்நிலையத்தில் சேர்ந்து, கருவிகளைக் கையாளும் திறத்தால் உயர்ந்தவர். நிலையத்தின் அன்றாடப் பணி விண்மீன்களின் இடத்தை அளந்து அட்டவணை ஆக்குதல். ஒரு மீன் உச்சிவட்டத்தைக் கடக்கும் கணத்தைக் குறித்தல், அதன் உயரத்தை அளத்தல், ஒளித்தரத்தை மதித்தெழுதுதல், அடுத்த மீனுக்காகக் காத்திருத்தல் என இரவு முழுவதும் நீளும் அப்பணியில் புகழுக்கு இடமில்லை. ஆயினும் இத்தகைய பணியில் ஈடுபட்டவருக்கே ஒரு மீன் முன்னெழுதிய தரத்தில் இல்லை என்பது புலப்படும். புலப்பட்டபின் எழுத்துப் பிழை என்று திருத்திவிடுவதா, மீனே மாறிற்று என்று துணிவதா என்பது அவரவர் நேர்மையையும் நம்பிக்கையையும் பொறுத்தது. 1867 ஜனவரியில் இரகுநாதாசாரியார் துணிந்தார். தென்வானத்து ரெற்றிக்குலம் மண்டலத்திலே உள்ள அம்மீன் இன்று ஆர் ரெற்றிக்குலி எனப்படுகிறது. அது மீராவின் இனத்தது. ஏறத்தாழ 278 நாளுக்கு ஒருமுறை பொலிந்து மங்குவது. பொலிவின் உச்சத்தில் ஏழாம் தரத்தை அண்டியும், மங்கலில் பதினான்காம் தரத்தை அண்டியும் நிற்பது. ஒளியின் அளவிலே இது பலநூறு மடங்கு வேற்றுமை. வெறுங்கண்ணுக்கு அது ஒருநாளும் எட்டாது.

அம்மீன் வான நடுவரைக்குத் தெற்கே 63 பாகை விலகியிருப்பதால், சென்னையில் அது தென்தொடுவானுக்கு மேல் 14 பாகைக்குமேல் எழுவதில்லை. புழுதியும் ஈரமும் செறிந்த காற்றினூடே, அவ்வளவு தாழ்விலே, தொலைகாட்டியிற் சிறு புள்ளியாய்த் தெரியும் ஒன்றின் மாற்றத்தைக் கண்டறிந்தமையே அவர் கண்ணின் கூர்மைக்குச் சான்று. கொழும்பில் அது 20 பாகை வரை எழும்.

இரகுநாதாசாரியார் 1872இல் இலண்டன் அரச வானியற் கழகத்தின் உறுப்பினராய்த் தெரிவு செய்யப்பட்டார். 1868ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தை ஆராயும் பணியிலும் பங்குகொண்டார். 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, அந்நிகழ்ச்சியை இந்நாட்டவர்க்கு விளக்கும் சிறுநூல் ஒன்றை எழுதி, ஆங்கிலத்திலும் நாட்டு மொழிகளிலும் வெளிவரச் செய்தார். கண்ணாற் கண்ட நிலையோடு கணக்கு ஒத்தல் வேண்டும் எனக் கருதித் திருக்கணித பஞ்சாங்கமும் வெளியிட்டார். வாக்கியமா, திருக்கணிதமா என்று ஆண்டுப் பிறப்பு நேரத்தைப் பற்றி இன்றும் சொற்போர் நிகழ்த்தும் இலங்கைத் தமிழர்க்கு அவர் பக்கம் எது என்பது சொல்லாமலே விளங்கும். அவர் 1880 பெப்புருவரி 5ஆம் நாள் காலமானார். தாம் கண்ட மீன் ஏன் மாறுகிறது என்பதை அறியாமலேயே அவர் மறைந்தார். அந்நாளில் உலகில் அறிந்தவர் எவரும் இலர்.

அதற்கு முந்திய ஆண்டில் ஜெர்மானியரான ஓகஸ்ற் ரிற்றர், வாயுக்கோளம் ஒன்று தன் ஈர்ப்பினாற் சுருங்கியும் அமுக்கத்தால் விரிந்தும் அலையுமாயின் அலைவுகாலம் எதனைப் பொறுத்தது எனக் கணித்திருந்தார். சராசரி அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதமாக அது அமையும் என்பது விடை. அடர்த்தி பதினாயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் அலைவுகாலம் நூறு மடங்காக நீளும். ஒரு கணக்கேட்டில் ஒளியின் ஏற்ற இறக்கத்தை நாளிட்டு எழுதி வைத்தவர், தாம் அறியாமலேயே அம்மீனின் அடர்த்தியை எழுதி வைத்தவர் ஆகிறார்! எனினும் ரிற்றரின் கணக்கை அந்நாளைய வானியலார் பொருட்படுத்தவில்லை. 1914இல் ஹாலோ ஷப்ளி மாறொளி மீன்களிற் சில உண்மையாகவே சுருங்கி விரிகின்றன என்று வாதிட்டார். 1918ஐ அடுத்து எடிங்டன் அதற்கு முறையான கணிதம் வகுத்தார். அலைவு ஏன் தணிந்துவிடாமல் நீடிக்கிறது என்ற வினா மட்டும் எஞ்சியது. 1950களில் சோவியத்து அறிஞர் ஷெவாக்கின், புறப்பகுதியில் உள்ள ஈலியப் படலம் சுருங்கும்போது வெப்பத்தைத் தடுத்து, விரியும்போது விடுவிக்கும் அடைப்பிதழ்போலச் செயற்படுகிறது எனச் சீபிட் மீன்களுக்கு விடை கூறினார்.

ஓர் அலைவுகாலத்தினால் ஓர் எண்ணே கிட்டும். சராசரி அடர்த்திக்கு அப்பால் அது செல்லாது. உள்ளகத்தின் அமைப்பை அடுக்கடுக்காக அறிவதற்குப் பல அலைவுகள் வேண்டும். வீணையின் தந்தி அடிப்படைச் சுரத்தோடு மேற்சுரங்களையும் எழுப்புவதுபோல, விண்மீனும் பல மீடிறன்களில் ஒருங்கே அதிரக்கூடும். சூரியன் ஐந்து நிமிட அளவில் அதிர்வதை ரொபேட் லெய்ற்றன் 1960இல் கண்டதும், அவ்வதிர்வு உள்ளே அகப்பட்டு நிற்கும் ஒலியலைகளின் தொகுதி என்பது 1970களில் உறுதிப்பட்டதும் இத்துறைக்கு வாயிலாயின.

விண்மீனுள் இயங்கும் அலைகள் இருவகைப்படும். ஒன்று அமுக்கத்தினால் இயங்குவது. கொட்டாஞ்சேனைக் கோயில்மணியின் ஓசை காற்றில் வருவது அவ்வகை. மற்றொன்று எடையும் மிதப்பும் ஒன்றையொன்று மாற்றுவதனால் இயங்குவது. வெள்ளவத்தைக் கரையில் மோதும் கடலலை அதற்கு உறவு. முன்னது விண்மீனின் புறப்பகுதியைப் பற்றி மிகுதியும் பேசும். பின்னது அடர்ந்த பகுதிகளைப் பற்றிப் பேசும். முதுமீன்களின் ஆராய்ச்சி முழுவதும் இவ்விரண்டின் உறவிலே அடங்கும்.

அடர்ந்த பகுதி என்றவுடன் நினைவுக்கு வரவேண்டியவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று, 1930 ஜூலை 31ஆம் நாள், இருபது வயது நிரம்பாத இளைஞராய்ப் பம்பாயிற் கப்பலேறிய அவர், அப்பயணத்திலேயே வெண்குள்ளன் என்னும் இறுதிநிலை மீனுக்கு நிறையில் ஓர் எல்லை உண்டு என்ற கணக்கைத் தொடங்கினார். அவ்வெல்லை சூரிய நிறையின் ஏறத்தாழ 1.4 மடங்கு. 1935 ஜனவரியில் இலண்டனில் அதனை அவர் எடுத்துரைத்தபோது, எழுந்து நின்று எள்ளியவர் மேலே பாராட்டப்பெற்ற அதே எடிங்டன். பெரியாரும் பிழைபடுவர் என்பதற்கு வேறு சான்று வேண்டா. 1964இல் சந்திரசேகர் கோளச் சமச்சீரற்ற அலைவுகளுக்குப் பொதுவான கணித விதி ஒன்றையும் வகுத்தார். 1983இல் நோபல் பரிசு பெற்றார். செம்பூதமாய் விரிந்த மீன் ஒன்று புறப்போர்வையை இழந்தபின் எஞ்சும் நடுவே வெண்குள்ளன். ஆர் ரெற்றிக்குலிக்கும் ஒருநாள் அந்நிலையே வரும்.

வெண்குள்ளன் அதிருமாயின் சில செக்கன்களில் அதிரவேண்டும் என்று கோட்பாட்டினர் எதிர்பார்த்தனர். 1968இல் ஆலோ லண்டோல்ற் வெளியிட்ட முதற் சான்றோ ஏறத்தாழ 12 நிமிட அலைவுகாலத்தைக் காட்டியது. அடர்த்திக் கணக்கு பொய்த்ததோ என்று திகைத்தவர்க்குப் பின்னர் விளங்கியது, அது ஓசையின் இனத்தைச் சேர்ந்ததன்று, கடலலையின் இனத்தது என்பது. மிதப்பலைகள் மெதுவானவை, உள்ளகத்தைத் தொட்டு வருபவை.

இவ்விடத்தில் ஓர் எளிய இடையூறு எழுந்தது. ஒரு வெண்குள்ளனில் நூறு மீடிறன்கள் கலந்து ஒலிப்பின், அவற்றைப் பிரித்தறியப் பல நாள் இடைவிடாது நோக்கவேண்டும். எங்கும் விடியல் வருகிறதே! ஒவ்வொரு பகலும் கணக்கில் ஓர் இடைவெளி. ஒவ்வோர் இடைவெளியும் போலி மீடிறன்களை உண்டாக்கும். இதற்கு ரெக்சாஸ் பல்கலைக்கழகத்து எட் நேதரும் அவர் தோழர்களும் கண்ட வழி, முழுப்புவித் தொலைகாட்டி என்னும் அமைப்பு. உலகைச் சுற்றிய நெடுங்கோடுகளில் உள்ள நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் அதே மீனை நோக்கும். ஓரிடத்தில் விடிய, மேற்கே அடுத்த இடத்தில் இருள் சூழ்ந்திருக்கும். ஓட்டக்காரர் கைமாற்றும் கோல்போல மீன் கைமாறும். 1988இல் இது செயற்படத் தொடங்கியது.

அச்சங்கிலியில் இந்திய நெடுங்கோட்டைக் காத்தது வட தமிழ்நாட்டின் சவ்வாது மலையிலுள்ள காவலூர். வைணு பாப்பு 1960களின் இறுதியில் தேர்ந்தெடுத்து வளர்த்த அந்நிலையத்தில், 1972 முதல் ஒரு மீற்றர்த் தொலைகாட்டி இயங்குகிறது. கிழக்கே ஆஸ்திரேலியாவுக்கும் மேற்கே ஆபிரிக்காவுக்கும் இடையே இந்நெடுங்கோட்டில் நிலையம் இல்லையாயின் சங்கிலி அறுந்துவிடும். 1989 மார்ச்சில் கன்னி மண்டலத்தில் உள்ள பீஜீ 1159 என்னும் மீன் நோக்கப்பட்டது. அது வெண்குள்ளனாகும் வழியில் உள்ள மிக வெப்பமான மீன். ஒளி அளவைகளின் மொத்தம் 264 மணித்தியாலம். அவற்றிலிருந்து 125 மீடிறன்கள் பிரித்தறியப்பட்டன. மீனின் நிறை சூரிய நிறையில் 0.586 பங்கு என்றும், அது 1.38 நாளுக்கு ஒருமுறை தன்னைத்தான் சுற்றுகிறது என்றும், அதன் புறத்தே படலங்கள் அடுக்கப்பட்டுள்ளன என்றும் முடிவுகள் வெளிவந்தன. எவரும் தொடாத ஒரு பொருளின் நிறையை மூன்றாம் தசமதானம் வரை சொல்லிய கணக்கு அது!

1991இல் வெளிவந்த அக்கட்டுரையின் ஆசிரியர் வரிசை நீண்டது. அதிலே இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த மாரார், சீதா, அசோகா ஆகியோர் உளர். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் வெண்குள்ளன்களின் காந்தப்புலத்தை ஆராய்ந்து புகழெய்தியவரும், இலங்கையிற் பிறந்தவருமான தயாள் விக்கிரமசிங்கவும் உளர். கொழும்பின் நெடுங்கோடு காவலூரின் நெடுங்கோட்டிலிருந்து ஒரு பாகையளவே விலகியது. ஆளை அனுப்பிய நாடு நிலையத்தை அளிக்கவில்லை என்பது சிறிது உறுத்தும் செய்தியே. ஆராய்ச்சித் தகுதியுள்ள 45 சதமமீற்றர்த் தொலைகாட்டி ஒன்று, ஜப்பானிய அரசின் கொடையாக, 1996இலேதான் இலங்கைக்கு வந்தது. வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியே தெற்கே சென்றால் எய்தக்கூடிய மொறட்டுவைக் கட்டுபெத்தையில், ஆதர் சி. கிளார்க் நிலையத்தில் அது நிறுவப்பட்டது.

செம்பூதங்களின் உள்ளகம் இன்னும் அரிதாயிருந்தது. அவற்றிற் பெரும்பாலானவற்றின் ஒளிமாற்றம் மிகச் சிறியது. வளிமண்டலத்தினூடே நோக்குவார்க்கு அகப்படுவது கடினம். 2006 இறுதியில் ஏவப்பட்ட பிரெஞ்சுத் தலைமையிலான கோரோவும், 2009இல் ஏவப்பட்ட அமெரிக்கக் கெப்ளரும் வளிமண்டலத்துக்கு அப்பால் நின்று, விடியல் என்பதே இன்றி நோக்கின. கோள்களைத் தேடச் சென்றவை விண்மீன்களின் நாடியைப் பிடித்து வந்தன. செம்பூதத்தின் புறத்தே ஓசையலையும் நடுவிலே மிதப்பலையும் நிற்கும். சில மீடிறன்களில் இரண்டும் ஒன்றோடொன்று இணைந்து கலப்பலைகள் ஆகும். அவை நடுவின் செய்தியை மேற்றோலுக்குக் கொணரும் தூதுவர். 2011இல் இதனால் ஒரு பெரும்பயன் விளைந்தது. வெளித்தோற்றத்தில் வேற்றுமையின்றி விளங்கும் இரு செம்பூதங்களுள் ஒன்று நடுவைச் சூழ்ந்த படலத்தில் ஐதரசனை மட்டும் எரிப்பதாகவும், மற்றொன்று நடுவிலே ஈலியத்தையும் எரிப்பதாகவும் இருக்கலாம். கலப்பலைகளின் இடைவெளி முன்னதில் ஏறத்தாழ 50 செக்கன்; பின்னதில் 100 முதல் 300 செக்கன் வரை. இவ்வாறு அகத்தின் தொழில் புறத்திலிருந்து வேறுபிரித்தறியப்பட்டது. அடுத்த ஆண்டில், செம்பூதங்கள் சிலவற்றின் நடு அவற்றின் புறத்தினும் பத்து மடங்குக்குக் குறையாத விரைவிற் சுழல்வதும் தெரியவந்தது. சுருங்கும் நடு இதனினும் மிக விரைந்து சுழலவேண்டும் என்பது கோட்பாட்டின் கணிப்பு. அச்சுழற்சியைத் தணிப்பது எது என்பதற்குக் காந்தப்புலம் முதலிய விடைகள் கூறப்படினும், பூசல் இன்னும் தீரவில்லை.

திருவாதிரை பற்றிய பூசலும் அலைவு பற்றியதே. 2019 இறுதியில் தொடங்கி 2020 பெப்புருவரி வரை அது முன்னெப்போதும் அளக்கப்படாத அளவுக்கு மங்கியது. வெடிக்கப்போகிறது என்று செய்தித்தாள்கள் எழுதின. அது வெளியுமிழ்ந்த வாயு குளிர்ந்து தூசியாகி ஒரு பக்கத்தை மறைத்தமையே காரணம் எனப் பின்னர் பெரும்பாலும் ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆயினும் வெடிப்பு எப்போது என்னும் வினா நிலைத்தது. அதன் ஒளியிலே இரு அலைவுகாலங்கள் உள: ஒன்று ஏறத்தாழ 400 நாள், மற்றொன்று 2,100 நாளை ஒட்டியது. 400 நாளையே அடிப்படைச் சுரமாகக் கொண்டு கணித்த குழுவினர் 2020இல் கண்ட முடிவு: மீனின் ஆரை சூரிய ஆரையினும் ஏறத்தாழ 750 மடங்கு, நடுவில் எரிவது ஈலியம், வெடிப்புக்கு இலட்சம் ஆண்டளவு உண்டு. நீண்ட காலத்தையே அடிப்படையாகக் கொண்ட மற்றொரு குழு 2023இல், மீன் இன்னும் பெரிது, அதன் நடுவில் காபனும் தீரும் நிலை, வெடிப்புக்குச் சில தலைமுறையே எஞ்சியிருக்கலாம் என்றது. ஒரே மீன், ஒரே அளவைகள். எச்சுரம் அடிப்படை என்னும் ஒரு தெரிவினால் ஆயுட்காலம் ஆயிரம் மடங்கு மாறுகிறது. ஆரை 750 மடங்கே என்பதற்கு வேறு அளவைகள் துணைநிற்பதால் அறிஞர் பலர் முன்னதன் பக்கமே சாய்ந்தனர்.

அங்ஙனமாயின் நீண்ட காலத்துக்குக் காரணம் வேண்டும். அது அலைவன்று, திருவாதிரையை மிக அணுகிச் சுற்றும் சிறு துணைமீன் ஒன்றின் விளைவு என 2024இல் இரு குழுவினர் கணித்தனர். 2025 ஜூலையில், ஹவாய்த் தீவிலுள்ள ஜெமினி வடக்குத் தொலைகாட்டியால் அத்துணைமீன் போன்ற ஒன்று மங்கலாக அகப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அறிவித்தவர்களே அதனை முற்றும் உறுதியான சான்றாகக் கொள்ளவில்லை. திருவாதிரையின் ஒளியிலிருந்து அது மீண்டும் நன்கு விலகித் தோன்றும் காலம் 2027 நவம்பர் எனக் கணித்துள்ளனர். மார்கழிக்கு முந்திய திங்கள் அது; நள்ளிரவைக் கடந்தபின் திருவாதிரை கொழும்பின் உச்சிக்கு வந்து சேரும் காலம்.